'சாவுகிராக்கி', 'கஸ்மாலம்', 'பேமானி'... மெட்ராஸ் பாஷைக்கு அர்த்தம் தெரியுமா?

சென்னை:-

"யோவ் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிகினு வந்தியா?"

ஊரில் இருந்து வேலை தேடி வந்து, கிளாம்பாக்கத்தில் பஸ்சை விட்டு இறங்கி, சிக்னலைப் பார்க்காமல் ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு சென்னை தரும் முதல் மரியாதை இதுதான். கேட்டதும் மதுரைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் சுர்ரென்று கோபம் வரும். கைகலப்பு வரை போவதும் உண்டு. அர்த்தம் தெரிந்தால் பாதி கோபம் போய்விடும்.

கிராக்கி என்றால் சவாரி, வாடிக்கையாளர். "காலையிலேர்ந்து ஒரு கிராக்கி கூட மாட்டலபா" என்று ஆட்டோ ஸ்டாண்டில் பேசிக்கொள்வது இதைத்தான். சாவுகிராக்கி என்றால் எமனுக்கு சவாரியாக வந்த ஆள். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்றால், 'இன்னிக்கு திரும்பிப் போக மாட்டே போலிருக்கே' என்று அர்த்தம். நல்ல வார்த்தை இல்லைதான். ஆனால் திட்டுகிறவரின் கால் அப்போது பிரேக்கில் நடுங்கிக்கொண்டு இருக்கும். ஆள் அடிபட்டால் கேஸ், கோர்ட்டு, லைசென்ஸ் என்று அலையப்போவது அவர்தானே!

ஒரு எச்சரிக்கை. பெண்களைப் பார்த்து கிராக்கி என்றால் அர்த்தமே வேறு. செருப்படி நிச்சயம்.

அடுத்து பேமானி. டீக்கடையில் கூட சர்வசாதாரணமாக விழும் இந்த வார்த்தை உருதுவில் இருந்து வந்தது. 'ஈமான்' என்றால் இறை நம்பிக்கை, நேர்மை. அது இல்லாதவன் பேமானி. அதாவது நம்பிக்கை துரோகி. சென்னையில் ஐந்து ரூபாய் சில்லரை தராதவனும் பேமானிதான்!

கஸ்மாலம் கதை இன்னும் சுவாரஸ்யம். சேரி பாஷை என்று முகம் சுளிக்கிறவர்கள் பகவத் கீதையைப் புரட்டிப் பார்க்கலாம். 2-வது அத்தியாயம், 2-வது சுலோகம். வில்லைக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்ட அர்ஜூனனிடம், இந்த மனத்தளர்ச்சி உனக்கு எங்கே இருந்து வந்தது என்று கண்ணன் கேட்கும் இடம். அங்கே வருவது 'கஸ்மலம்'தான். சமஸ்கிருதத்தில் அதற்கு அழுக்கு என்றும் பொருள் உண்டு. அந்த அர்த்தத்தில்தான் குழாயடியில் புழங்குகிறது.

இப்படி பல பாஷையும் கலந்ததற்கு காரணம் இருக்கிறது. ஆற்காடு நவாப் 1760-களில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி குடியேறினார். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் உருது பரவியது. நாஸ்தா, பேஜார், குஜால், மஜா எல்லாம் அந்த வழி. பக்கத்திலேயே ஆந்திரா என்பதால் நைனா, டப்பு இரண்டும் தெலுங்கில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டன. நைனா என்றால் அங்கே அப்பா. இங்கே முன்பின் தெரியாதவர் கூட நைனாதான்.

மீதி எல்லாம் நம்ம தமிழேதான். சொல்லிகினு என்பது சொல்லிக்கொண்டு. இட்டுகினு என்பது இட்டுக்கொண்டு. ரிக்ஷா வலிக்கிறது என்றால் இழுப்பது. கடலில் துடுப்பு வலிக்கிற அதே வலிதான்.

இது தமிழா இல்லையா என்ற சண்டை ஒருமுறை ஐகோர்ட்டு வரை போனது. தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்கு கேளிக்கை வரி விலக்கு என்று 2006-ல் தி.மு.க. அரசு அறிவித்தது. 2016-ல் உதயநிதி ஸ்டாலின் நடித்த 'கெத்து' படத்துக்கு, அது தமிழ் வார்த்தையே இல்லை என்று வரி விலக்கு மறுக்கப்பட்டது. தெருவில் சின்னப் பையன் கூட கெத்தாக நடக்கிற ஊரில், அந்த ஒரு வார்த்தைக்காக வக்கீல் வைத்து வாதாட வேண்டியதாயிற்று.

சினிமாவிலும் ரொம்ப நாளாக இந்த பாஷை காமெடியனுக்கும் ரவுடிக்கும்தான். லூஸ் மோகன் (2012-ல் காலமானார்) இதை பேசியே பெயர் வாங்கினார். 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) வந்த பிறகு ஹீரோவும் கூச்சம் இல்லாமல் பேசுகிறார்.

இடம் மாறினால் அர்த்தம் மாறுவதும் உண்டு. நெல்லையில் அல்வா கொடுத்தால் விருந்து உபசாரம். சென்னையில் "அல்வா குட்த்துட்டான்" என்றால் ஏமாற்றிவிட்டான். சீட்டு பிடித்தவர் ஓடிப்போனால் நாமம் போட்டுட்டான். வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு கடைசி நேரத்தில் பின்வாங்கினால் ஜகா வாங்கிட்டான். அட்வான்சையும் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டினால், அப்பீட்டு. பம்பர விளையாட்டில் இருந்து வந்தது இது. தரையில் சுற்றும் பம்பரத்தை சாட்டையால் சுண்டி மேலே தூக்கி கையில் பிடிப்பதுதான் அப்பீட்டு. அப்படி முதலில் பிடித்துவிட்ட பையன் தப்பித்தான். கடைசியில் மாட்டுகிறவனின் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆக்கர் குத்துவார்கள்.