இலண்டனில் மலையகத்தின் தடங்கள்: பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

இலண்டனில் உறவுகள் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் இன்று குறைவு. பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களை முதலில் அழைத்துச் செல்வது கோபுரப் பாலத்துக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும்தான். அவையும் பார்க்க வேண்டியவையே. ஆனால் பலாங்கொடை, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வேர் கொண்டவர்களுக்கு அந்த நகரத்தில் வேறு சில இடங்களும் இருக்கின்றன. 1977, 1981 வன்செயல்களின்போது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஓடி, பின்னர் அங்கும் போரில் அகப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நம்மை மலைக்குக் கொண்டுவந்த பயிர்களும், நமது வாக்குரிமையைப் பற்றிய இறுதித் தீர்ப்பும் இந்த நகரத்தோடு தொடர்புபட்டவை.

1. கியூ தாவரவியல் பூங்கா

டிஸ்ரிக்ட் வழித்தடத்தில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். நுழைவுக் கட்டணம் உண்டு. 2003 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலம்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இங்கே கொண்டுவந்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றில் சுமார் 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடை பூங்காவில் நடப்பட்டன. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகும் மலைகளின் கதை இங்கிருந்து தொடங்குகிறது. 1848இல் கட்டி முடிக்கப்பட்ட கண்ணாடிப் பனைமர மாளிகைக்குள் நுழைந்தால் நம் ஊர்ப் புழுக்கம் முகத்தில் அடிக்கும்.

2. கட்டி சார்க் கப்பல், கிரீனிச்

டி.எல்.ஆர். ரயிலில் கட்டி சார்க் நிலையம். கட்டணம் உண்டு. தேயிலை ஏற்றுவதற்காகவே கட்டப்பட்ட இந்தப் பாய்க்கப்பல் 1869 நவம்பர் 22இல் நீரில் இறங்கியது. சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டு அப்போது ஐந்து நாட்களே ஆகியிருந்தன. அந்தக் கால்வாய் வழியே வந்த நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல்களின் காலத்தை முடித்துவைத்தன. இது ஏற்றியது சீனத் தேயிலை மட்டுமே. 1877க்குப் பின் அதுவும் இல்லை.

நமக்கு 1869 வேறொரு வகையிலும் முக்கியமானது. இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்ட ஆண்டு அது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. அறுவடைக் காலத்துக்கு மட்டும் தமிழகத்திலிருந்து நடந்து வந்து திரும்பிப் போன மக்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் லயன்களிலேயே தங்கிவிட்டார்கள்.

3. மின்சிங் லேன்

மொனுமென்ட் நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு குறுகிய தெரு. கட்டணம் இல்லை, பார்ப்பதற்கும் அதிகம் இல்லை. ஆனால் 1834 முதல் உலகின் தேயிலை வணிகத்துக்கு இதுவே மையமாக இருந்தது. 1873இல் ஜேம்ஸ் டெய்லரின் லூல்கந்துர தோட்டத்திலிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு வந்தது. அதன்பின் நம் கொழுந்தின் விலை இந்தத் தெருவில் பேசப்பட்டது. 1883இல் கொழும்பு ஏலம் தொடங்கிய பின்னரும் இலண்டன் ஏலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

கடைசி ஏலம் 1998 யூன் 29இல் நடந்தது. கடைசியாக விற்கப்பட்டது இலங்கையின் ஹெல்பொட தோட்டத்துத் தேயிலை, 44 கிலோ. தரும நிதிக்காக நடந்த அந்த விற்பனையில் ஒரு கிலோ 555 பவுணுக்குப் போனது. பறித்த கைகளுக்கு அன்று கிடைத்த நாட்சம்பளத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வாசகர் பொறுப்பு.

4. பிரித்தானிய அருங்காட்சியகம்: தாரா சிலை

ஹோல்போர்ன் நிலையத்துக்கு அருகே. அனுமதி இலவசம். ஆசியப் பொருட்கள் உள்ள 33ஆம் கூடத்தில், பொன்முலாம் பூசிய 143 சென்ரிமீற்றர் உயர வெண்கலத் தாரா சிலை நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. கண்டெடுக்கப்பட்டது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில். 1812 முதல் 1820 வரை ஆளுநராக இருந்த ரொபேர்ட் பிரவுன்றிக் 1830இல் இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றியவரும் இவரே.

5. நாடாளுமன்றச் சதுக்கம்

வெஸ்ட்மின்ஸ்டர் நிலையம். 2009 ஏப்ரல் முதல் யூன் வரை, முள்ளிவாய்க்காலுக்காகப் புலம்பெயர் தமிழர்கள் இரவும் பகலும் நின்ற இடம் என்பது பலருக்குத் தெரியும். அதே சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தில் உள்ள உயர் நீதிமன்றக் கட்டடம் மலையகத்தாருக்கு முக்கியமானது என்பது அவ்வளவாகத் தெரியாது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன் பிள்ளை என்பவர் வழக்காடினார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுக்கும் அரசியலமைப்பின் 29(2) பிரிவே அவரது பிடிமானம். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வந்தது. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்று கூறி, 1953இல் அது மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆனது.

அன்று டவுனிங் வீதியில் அமர்ந்த பிரிவி கவுன்சில் நீதிக்குழு, 2009 முதல் இந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. வார நாட்களில் பொதுமக்கள் இலவசமாக உள்ளே போகலாம். விசாரணை நடந்தால் அமர்ந்து கேட்கலாம்.

கூடுதல் நேரம் இருந்தால்

கியூவில் பூங்காவுக்கு அருகிலேயே பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம் உள்ளது. இலங்கை ஆளுநர்களுக்கும் இலண்டனுக்கும் இடையிலான கடிதங்கள் சி.ஓ. 54 என்ற வரிசையில் அங்கே பேணப்படுகின்றன. அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்று காட்டினால் வாசகர் அட்டை இலவசம். தோட்டப் பதிவேடுகளில் பெரும்பகுதியை நம்மவர் வன்செயலிலும் இடப்பெயர்விலும் இழந்துவிட்டார்கள். பாட்டன் பெயர் அந்தக் கடிதங்களில் கிடைப்பது அரிது. அவரை எப்படிக் கொண்டுவந்தார்கள், என்ன கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதை ஆண்ட தரப்பின் எழுத்திலேயே வாசிக்கலாம். மலையக வரலாற்றை எழுத நினைக்கும் இளையவர்கள் ஒரு நாளையாவது அதற்காக ஒதுக்குவது நல்லது.