ஹாஸ்டலுக்குப் போறீங்களா? ஹெட்போன் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. காரைக்கால் பட்டினச்சேரி மாதிரியான கடலோர ஊர்களில் கையில் காசு இறுக்கமாக இருக்கும் நேரம் அது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அட்மிஷன் அலைச்சல் ஆரம்பிப்பதும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான். ஃபீஸ், மெஸ் அட்வான்ஸ், மெத்தை, பக்கெட், பூட்டு என்று லிஸ்ட் நீண்டுகொண்டே போக, கடைசி வரியில் 'ஹெட்போன்' என்று ஒன்று நிற்கும். "அது இல்லாம படிக்க முடியாதா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், மூன்று பேர் தங்கும் ரூமில் ஒருத்தர் போனில் பேச, ஒருத்தர் கேம் ஆட, தலைக்கு மேலே ஃபேன் கடகடக்க, நாளைக்கு உங்களுக்கு செமஸ்டர் பரீட்சை என்றால் ஹெட்போன் ஆடம்பரம் இல்லை. ஹாஸ்டல் திருவேட்டக்குடி என்.ஐ.டி-யாக இருக்கலாம் (பெயர்தான் என்.ஐ.டி. புதுச்சேரி, கேம்பஸ் இருப்பது காரைக்காலில்!), ஜிப்மர் காரைக்காலாக இருக்கலாம், சென்னை, கோவை பக்கம் ஏதோ ஒரு காலேஜாக இருக்கலாம். ரூமுக்குள் நிலவரம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

அதனால் வாங்கலாமா, வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, எதை வாங்குவது என்று பார்ப்போம்.

சத்தத்தைக் கூட்ட இல்லை, குறைக்க!

கடையில் நாம் முதலில் கேட்பது, "பாஸ் எப்படி இருக்கும், சவுண்டு பெருசா கேட்குமா?" என்பதுதான். ஹாஸ்டலுக்கு இது தலைகீழ். வெளிச்சத்தத்தை எது நன்றாக அடைக்கிறதோ, அதுதான் நல்ல ஹெட்போன். காரணம் எளிது. ஃபேன் சத்தமும் பேச்சுச் சத்தமும் உள்ளே வந்தால், அவற்றை அமுக்க நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள். கூட்டியது காதுக்குப் பழகும். மறுநாள் இன்னும் ஒரு புள்ளி கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். 100 டெசிபலைத் தொட்டால் வாரம் முழுவதுக்கும் சுமார் 20 நிமிடம்! ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. வால்யூம் பட்டனை இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுவது சின்ன விஷயமாகத் தெரியும், காதுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உள்காதில் சுமார் 15,000 நுண்முடி செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கொடுத்ததுதான், செத்தால் திரும்ப முளைக்காது. இது கடலோரத்துக்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. படகு எஞ்சின் பக்கத்தில் பல வருஷம் உட்கார்ந்தவர்களுக்குக் காது மந்தமாவதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லச் சொல்வார்கள். எஞ்சின் செய்ததை இயர்போனும் செய்யும். அவர்களுக்காவது பிழைப்பு, வேறு வழியில்லை.

எந்த மாடல் காதை அடைக்கும்?

ஏர்பாட்ஸ் முதல் தலைமுறை மாதிரி, ரப்பர் முனை இல்லாமல் காதில் சும்மா தொங்கும் இயர்பட்ஸ் ஹாஸ்டலுக்கு லாயக்கில்லை. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும்.

காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போன் நன்றாகவே அடைக்கும். ஏ.சி. உள்ள லைப்ரரியில் அருமை. ஆனால், நம் ஊர் வெயிலிலும் கடலோரப் புழுக்கத்திலும் அரை மணி நேரத்தில் காதைச் சுற்றி வியர்வை ஊற்றும். ரெக்ஸின் குஷன் ஈரப்பதத்தில் ஓரிரு வருஷத்தில் உரிந்து, கன்னத்தில் கறுப்புக் கறுப்பாய் ஒட்டும். இந்த வகைதான் வேண்டும் என்றால், கழற்றி மாற்றக்கூடிய துணி குஷன் உள்ளதாகப் பாருங்கள். 'ஓப்பன் பேக்' வகை மட்டும் வேண்டவே வேண்டாம். நீங்கள் கேட்பதை ரூமே கேட்கும்.

மிஞ்சுவது, சிலிக்கான் முனை வைத்து காதுக்குள் பொருந்தும் இன்-இயர் வகை. என் ஓட்டு இதற்குத்தான். பாக்ஸில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி முனைகள் இருக்கும். பெரும்பாலானோர் மாட்டியிருப்பதையே மாற்றாமல் போட்டுவிட்டு, "பாஸே இல்ல ப்ரோ" என்பார்கள். முனை சரியாக உட்காராவிட்டால் முதலில் காணாமல்போவது பாஸ்தான். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு ஒரு சைஸ், வலது காதுக்கு ஒரு சைஸ் வரலாம், அது சகஜம். ஃபேனை ஓடவிட்டு, பாட்டே போடாமல் மாட்டிப் பாருங்கள். ஃபேன் சத்தம் சட்டென்று அமுங்கினால் அதுதான் உங்கள் சைஸ். ஃபோம் முனை தனியாகக் கிடைக்கிறது. இன்னும் நன்றாக அடைக்கும், ஆனால் சீக்கிரம் அழுக்காகும்.

ஏ.என்.சி. எல்லாத்தையும் அமுக்காது

வெளிச்சத்தத்தை மைக் வழியாகக் கேட்டு, அதற்கு நேரெதிர் அலையை உருவாக்கி அடிப்பதுதான் ஏ.என்.சி. இதை ஹெட்போனுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு விடுதலைப் போராட்ட வீரரின் மகன். 1978-ல் விமானப் பயணம் ஒன்றில் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பாட்டு கேட்க முடியாமல் போனபோது உதித்த யோசனை இது.

விமானத்தில் பிறந்ததால் அதன் குணமும் அப்படித்தான். ஃபேன், ஏ.சி., பஸ் எஞ்சின் மாதிரி ஒரே சீராக வரும் அடித்தொண்டைச் சத்தங்களை நன்றாக அமுக்கும். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் போனில் சிரித்துப் பேசுவதை அமுக்காது. அதற்கு நன்றாகப் பொருந்திய ரப்பர் முனைதான் மருந்து. அந்தப் பொருத்தம் சரியாக இல்லையென்றால் ஏ.என்.சி-க்குக் கொடுத்த காசு பாதி வீண்.

பாக்ஸில் 'ஈ.என்.சி.' என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது உங்களுக்கு இல்லை, போனில் எதிர்முனையில் இருப்பவருக்கு! நீங்கள் பேசும்போது சுற்றுச்சத்தம் அவருக்குக் குறைவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

வயரா, வயர்லெஸ்ஸா?

வயர் என்றாலே 'ஓல்டு' என்று ஒரு நினைப்பு. பட்ஜெட் சின்னதாக இருந்தால், முதலில் வாங்க வேண்டியது வயர்தான் என்று அடித்துச் சொல்வேன்.

வயர்லெஸ் இயர்பட்ஸில் இருப்பது பட்டாணி சைஸ் லித்தியம் பேட்டரி. இரண்டு, மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். பெரும்பாலும் மாற்ற முடியாது, முழு செட்டும் குப்பைக்குத்தான். நாலு வருஷ பி.டெக். முடிவதற்குள் இரண்டு செட் ஆகிவிடும். ஒரு பட்ஸ் மெஸ்ஸில் தொலைந்தால் கதை அதோடு முடிந்தது. வயர் இன்-இயரில் ரூ.1,000 - 2,000 விலையிலேயே கழற்றி மாட்டும் கேபிள் உள்ளவை வந்துவிட்டன. கேபிள் பிய்ந்தால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். அதே விலை வயர்லெஸ்ஸைவிட ஓசைத் தரமும் பெரும்பாலும் ஒரு படி மேலே இருக்கும், ஏனென்றால் பேட்டரிக்கும் ப்ளூடூத் சிப்புக்கும் போகிற காசு இதில் ஸ்பீக்கருக்கே போகிறது.

கேம் ஆடுபவர்களுக்கு வயரில் தாமதம் கிடையாது. ஹாஸ்டலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. ஒரு மாடியில் ஐம்பது போன், ஐம்பது லேப்டாப் என்றால் பாட்டு விட்டுவிட்டு வருவது சகஜம். வயர்லெஸ்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் இன்டர்வியூ நேரத்தில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். லேப்டாப்பில் ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக் ஆன் ஆனதும், ஓசை பழைய டெலிபோன் மாதிரி கரகரவென்று ஆகும். ப்ளூடூத் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் தரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் காரணம். மீட்டிங் செட்டிங்ஸில் மைக்குக்கு மட்டும் லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

"போன்ல ஹெட்போன் ஓட்டையே இல்லையே?" டைப்-சி வயர் இயர்போன் இருக்கிறது. அல்லது 3.5 எம்.எம். வயருக்கு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கலாம். ஆனால், 'டி.ஏ.சி.' சிப் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு கன்வெர்ட்டர்கள் சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும்.

நம் பக்கத்துக்கு வயரில் இன்னொரு லாபமும் உண்டு: எஃப்.எம். ரேடியோ. போனில் எஃப்.எம். வசதி இருந்தால், வயர் இயர்போன்தான் அதற்கு ஆன்டெனா. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது டெல்டாவில் கரன்ட்டும் டவரும் என்ன ஆயின என்பது மறந்திருக்காது. டேட்டா இல்லாவிட்டாலும் காரைக்கால் பண்பலை 100.3 கேட்கும். போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காமல் தர வேண்டும் என்று 2023-ல் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. எல்லா போனிலும் வசதி இருப்பதில்லை, உங்கள் போனில் இருக்கிறதா என்று ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பஸ்ஸில் நிற்கிறவர்கள், ஜிம், விளையாட்டு என்று ஓடுகிறவர்களுக்கு வயர்லெஸ் வசதிதான், மறுக்கவில்லை. இரண்டாவதாக வாங்குங்கள்.

உப்புக்காற்றில் தாக்குப்பிடிக்க...

ஐ.பி.எக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. கடல் தண்ணீருக்கும் உப்புக்காற்றுக்கும் அந்த நம்பர் உத்தரவாதம் இல்லை. கடற்கரை கேம்பஸில் முதலில் கெடுவது 3.5 எம்.எம். பின்னும், சார்ஜிங் கேஸுக்குள் இருக்கும் பொன்னிறப் புள்ளிகளும்தான். பச்சை பூத்துவிடும், அப்புறம் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. வியர்வையோடு கேஸுக்குள் போடாமல், காய்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள். புது செருப்பு டப்பாவில் வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட், அதில் ஒன்றை பவுச்சில் போட்டு வையுங்கள்.

காதும் அதே ஈரப்பதத்தில்தான் இருக்கிறது. தலை குளித்த ஈரத்தோடோ, கடலில் குளித்துவிட்டு வந்தோ உடனே இயர்பட்ஸை அடைத்தால், காதுக்குள் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு அதிகம். அரிப்பு, அடைப்பு, சில நேரம் வலி. "ஒரு பாட்டு மட்டும் குடு மச்சி" என்று கேட்பவருக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள், இயர்பட்ஸைக் கொடுக்காதீர்கள். சிலிக்கான் முனையை வாரம் ஒரு முறை கழற்றி சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அழுக்கு எடுக்கிறேன் என்று காதுக்குள் பட்ஸ் குச்சியை விட வேண்டாம், அது அழுக்கை உள்ளே தள்ளத்தான் செய்யும்.

காது என்ன சொல்லுது?

வால்யூம் 60 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி', சாம்சங்கில் 'மீடியா வால்யூம் லிமிட்' என்று செட்டிங் இருக்கிறது. ஒரு தடவை போட்டு வைத்துவிட்டால் அப்புறம் யோசிக்க வேண்டியதே இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவதே கேட்கவில்லை, அல்லது உங்கள் பாட்டு அவருக்குக் கேட்கிறது என்றால், குறைக்க வேண்டிய நேரம்.

ஹெட்போனைக் கழற்றியதும் காதில் 'கொய்ங்...' என்று கேட்கிறதா? அன்றைக்குக் காதுக்கு லீவு கொடுங்கள். மறுநாளும் போகவில்லை என்றால், அல்லது கூட்டத்தில் பேசுவது குழப்பமாகக் கேட்டால் ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். 'சளி அடைப்பு, தானா சரியாகும்' என்று விட்டுவிடக் கூடாது. மருந்துக்கு முதல் சில நாள்கள்தான் முக்கியம். பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கி வந்தபோது திடீரென்று கேட்கவில்லை என்று 2024 ஜூனில் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்குக் காரணம் வைரஸ் தாக்குதல் என்பது டாக்டர்கள் கணிப்பு, ஹெட்போன் இல்லை. ஆனாலும் அதே பதிவில், அதிகச் சத்த இசையிலும் ஹெட்போனிலும் கவனமாக இருங்கள் என்று இளையவர்களைக் கேட்டுக்கொண்டார்.

ரோட்டில் நடக்கும்போது, குறிப்பாக தண்டவாளத்தையும் நாகப்பட்டினம் மெயின் ரோட்டையும் தாண்டும்போது, இரண்டு காதிலும் எதுவும் வேண்டாம். ஏ.என்.சி. அமுக்குவது லாரி எஞ்சின் சத்தத்தையும் சேர்த்துத்தான்.

பில் கேளுங்க!

பஸ் ஸ்டாண்ட் கடையில் பிரபல பிராண்டின் இயர்பட்ஸ் கால் விலைக்குக் கிடைத்தால் அது என்ன என்பது உங்களுக்கே தெரியும். வயர்லெஸ் இயர்போன், ஹெட்போன்களுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். பாக்ஸில் பி.ஐ.எஸ். முத்திரையோடு 'ஆர்-' என்று தொடங்கும் எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டிவிடும். பேட்டரி உள்ள பொருளைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கப்போகிறீர்கள், இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யலாம். பில்லை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாரன்டிக்கு அது இல்லாமல் முடியாது. கடைக்காரரும் கம்பெனியும் மாற்றி மாற்றி அலையவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.