ராணி வேடம் கலைந்த பிறகு

ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்காத ஒருவர், தன் வாழ்க்கையைத் தானே ஒற்றை ஆளாக நடித்துச் சொல்லும் வடிவம் கல்கத்தாவில் வேர்பிடித்துக் கால் நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு வேண்டிய கலைத் தேர்ச்சியோ வங்கத்தில் ஐந்நூறு ஆண்டுப் பழமை கொண்டது. பழைய தேர்ச்சி புதிய வடிவத்துக்கு வந்து சேர்ந்த கதை, ஒரு தொழில் அழிந்த கதையும்கூட. பெண் வேடம் கட்டிய ஆண்களைக் கூட்டம் கூட்டமாக வாழவைத்த ஜாத்ரா நாடகக் கம்பெனிகள் அவர்களைக் கைவிட்ட பிறகுதான் அவர்களில் ஒருவரான சபல் பாதுரி தன் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

ஜாத்ரா தன் தொடக்கத்தைச் சைதன்யரிடம் (1486–1534) காண்கிறது. நவத்வீபத்தில் சந்திரசேகர் என்பவரின் வீட்டில் கிருஷ்ண நாடகம் நடந்த இரவில் சைதன்யரே ருக்மிணியாக வேடமிட்டு ஆடியதை விருந்தாவன தாசரின் ‘சைதன்ய பாகவதம்’ விவரிக்கிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தப் பாவனை புதிதல்ல. ஆழ்வார்களிடம் பாட்டில் நின்றது, வங்கத்தில் அரிதாரமும் புடவையுமாக ஆடுகளத்துக்கு இறங்கியது. பக்தியின் மரியாதை அதற்குக் கிடைத்ததால், ஆண் பெண்ணாக ஆடுவதை ஊர் இயல்பாக ஏற்றுக்கொண்டது.

நகரத்து நாடக மேடை வேறு வழியில் போனது. ரஷ்யரான கெராசிம் லெபெதேவ் 1795 நவம்பரில் கல்கத்தாவில் அரங்கேற்றிய முதல் வங்காளி மேடை நாடகத்தில் பெண்களே நடித்தார்கள். அந்த முயற்சி தொடரவில்லை. 1872 டிசம்பர் 7 அன்று நேஷனல் தியேட்டர் கட்டணம் வாங்கி ‘நீலதர்ப்பண்’ நாடகத்தை நடத்தியபோது பெண் பாத்திரங்கள் எல்லாம் ஆண்களிடமே இருந்தன. பின்னாளில் நகைச்சுவை நாடகங்களால் பேர்பெற்ற அமிர்தலால் பாசு அதில் மருமகள் சைரிந்திரி. அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. மைக்கேல் மதுசூதன் தத்தரின் வற்புறுத்தலால் பெங்கால் தியேட்டர் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் பரத்தையர் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பதால், விதவை மறுமணத்துக்காகப் போராடிய வித்யாசாகரே அந்த அரங்கின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். 1873 ஆகஸ்டில் மதுசூதனரின் ‘சர்மிஷ்டை’யோடு அரங்கு திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, ஜூன் மாதமே காலமாகிவிட்டார்.

தெற்குக் கல்கத்தாவின் கரியாஹாட் சாலை இந்த வரலாற்றின் இரண்டு பெயர்களைத் தாங்கி நிற்கிறது. புடவைக் கடைகளும் நடைபாதை வியாபாரிகளும் நெருக்கும் கரியாஹாட் நாற்சந்தியிலிருந்து தெற்கே போனால் கோல்பார்க்கில் ராமகிருஷ்ண மிஷனின் பண்பாட்டுக் கழகம். அதையும் தாண்டி டாக்குரியாவில், தட்சிணாபண் அங்காடியை ஒட்டி, மதுசூதன் மஞ்ச் அரங்கம். மதுசூதனர் பெண்களை மேடைக்கு அழைத்தவர். ராமகிருஷ்ணரோ 1884 செப்டம்பரில் ஸ்டார் தியேட்டருக்குச் சென்று ‘சைதன்யலீலா’ பார்த்தவர். அதில் சைதன்யராக நடித்தவர் பினோதினி தாசி என்ற பெண். ருக்மிணியாக வேடமிட்ட ஆண் ஒருவராக, ஏறக்குறைய நானூறு ஆண்டு கழித்து ஒரு பெண் நடித்தார். ராமகிருஷ்ணர் அவரை ஆசீர்வதித்தார்.

மேடைக்கு வந்த பெண்கள் தங்கள் கதையை எழுதவும் செய்தார்கள். பெங்கால் தியேட்டர் சேர்த்துக்கொண்ட அந்த நால்வரில் ஒருவரான கோலாப் (பின்னர் சுகுமாரி தத்தா) பெயரில் 1875இல் ‘அபூர்வ சதி’ நாடகம் வெளிவந்தது. ஒரு பரத்தையின் மகளுக்கு மறுக்கப்படும் மணவாழ்வு அதன் பொருள். அதில் அவருடைய சொந்த வாழ்வின் சாயலைக் காண்பவர்கள் பலர். பினோதினியின் ‘ஆமார் கதா’ 1912இல் வந்தது. வங்க அரங்கில் ‘நான்’ என்று தொடங்கிப் பேசும் துணிவை முதலில் காட்டியவர்கள், சமூகம் ஒதுக்கிவைத்த இந்தப் பெண்கள்தான். சபல் பாதுரியின் முன்னோடிகளைப் பெண் வேடம் கட்டிய ஸ்திரீபார்ட் நடிகர்களிடம் மட்டும் தேடுவது போதாது.

நகர மேடையை நடிகைகள் பிடித்துக்கொண்ட பிறகும் ஜாத்ரா எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆண்களையே நம்பியிருந்தது. வடகல்கத்தாவின் சித்பூர் சாலையில் கம்பெனிகளின் அலுவலகங்கள் வரிசையாக இருந்தன. ரதயாத்திரை நாளில் ஆட்டங்களுக்கு முன்பதிவு தொடங்கும்; துர்க்கா பூஜை முதல் கோடை வரை குழுக்கள் கிராமம் கிராமமாகச் சுற்றும். திரை கிடையாது, பக்கத் தட்டிகள் கிடையாது. சதுர மேடையைச் சுற்றிச் சனங்கள், மேடையோரம் வாத்தியக்காரர்கள், கூட்டத்தின் நடுவே விட்ட ஒரு வழியில்தான் நடிகர் வரவும் போகவும் வேண்டும். நகர அரங்கில் நடிகர் முன்பக்கத்தைக் காத்தால் போதும். இங்கே முதுகையும் சனங்கள் பார்க்கிறார்கள். புடவைத் தலைப்பு தோளில் விழும் விதம், திரும்பும்போது இடுப்பின் அசைவு என எல்லாவற்றிலும், நடந்து மறைகையில் கடைசி எட்டு வரை பெண்ணாகவே இருக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாலும் அது ஆண் குரலாகிவிடக் கூடாது. இவ்வளவு கடுமையான பயிற்சி கேட்ட நடிப்பு முறை வேறெங்கும் அரிது.

இந்தத் தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பெயரோடு ‘ராணி’ சேரும். சபல் பாதுரி அப்படித்தான் சபல் ராணி ஆனார். 1930களின் இறுதியில் பிறந்த அவர் நாடகக் குடும்பத்துப் பிள்ளை. தாய் பிரபா தேவி, நவீன வங்க அரங்கின் தலைமகனான சிசிர்குமார் பாதுரியின் குழுவில் புகழ்பெற்ற நடிகை. தந்தை தாராகுமார், சிசிர்குமாரின் தம்பி. அக்கா கேதகி தத்தாவும் மேடை நடிகை. தாயை இளம் வயதில் இழந்த சபல், 1950களில் ‘அலிபாபா’வில் மர்ஜினாவாக நடித்து, பின்னர் கிழக்கு வங்கத்தின் பாரிசாலில் வேர்கொண்ட பழம்பெரும் நட்ட கம்பெனியில் சேர்ந்தார். சுல்தானா ரசியா, சாந்த் பீபி, கைகேயி போன்ற அரசியர் அவருக்குப் பேர் வாங்கித் தந்த வேடங்கள்.

அவர் உச்சியில் இருந்தபோதே தொழில் காலடியில் நழுவியது. சினிமா பழக்கிய கண்களுக்குப் பெண் வேடத்தில் பெண்ணே வேண்டியிருந்தது. 1960களில் நடிகைகள் ஜாத்ராவுக்கும் வந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் சபல் கம்பெனியை விட்டு வெளியேறினார். பெண்களுக்குத் திறந்த வாசல் நியாயமானது, தாமதமாகத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண்மையைத் தம் இயல்பாகவே கொண்டிருந்த ஆண்களுக்கு, அதை மானத்தோடும் சம்பளத்தோடும் வெளிப்படுத்த ஊர் அனுமதித்திருந்த ஒரே இடம் அப்போது மூடிப்போனது. அந்த இழப்பை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பிழைப்புக்குச் சபல் கண்டடைந்த வழி சீதளை அம்மன். நம் மாரியம்மனைப் போல அம்மைநோய்க்கு உரிய தெய்வம்; கழுதை வாகனம், கையில் துடைப்பமும் குடமும். வங்கத் தெருக்களில் சீதளையின் கதையைப் பாட்டும் வசனமுமாக நடிக்கும் வழக்கம் உண்டு. அதில் அம்மனாக அமர்ந்த சபலின் காலில் மக்கள் விழுந்து வணங்கினார்கள். ராணியாக நடித்தவரைக் கைதட்டி அனுப்பிவிட்ட உலகம், தெய்வமாக அமர்ந்தவரிடம் வரம் கேட்டது.

சீகல் பதிப்பகத்தின் நவீன் கிஷோர் 1999இல் எடுத்த ‘பெர்ஃபார்மிங் த காடஸ்’ ஆவணப்படம் திருப்புமுனை. சபல் கேமராவைப் பார்த்து அமர்ந்து பேசுகிறார். பேச்சினூடே அரிதாரம் பூசிச் சீதளையாகிறார். தாயின் நினைவு, ஜாத்ரா நாட்கள், ஓர் ஆண்மீது முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்த காதல், எல்லாம் அவர் வாயாலேயே வருகின்றன. சக நடிகர்கள் இல்லை, வாத்தியம் இல்லை, வேறொருவர் எழுதிய வசனம் இல்லை. மேடை நாடகம் அல்ல என்றாலும், கல்கத்தாவின் தன்வரலாற்றுத் தனிநடிப்புக்கு இதையே தொடக்கமாகக் கொள்வது தகும். ‘நான் பைனரி’ போன்ற இன்றைய அடையாளச் சொற்களை அவர்மீது ஒட்டுவது சரியல்ல. அவர் வளர்ந்த உலகில் அவை இல்லை. அதே 1999 ஜூலை 2 அன்று பதினைந்து பேர் கல்கத்தாவில் ‘நட்பு நடை’ சென்றார்கள். இந்தியாவின் முதல் வானவில் பேரணியாக அது நினைவுகூரப்படுகிறது. பாலினம் பற்றி வாய்விட்டுப் பேசும் காலம் நகரத்தில் பிறந்துகொண்டிருந்தது.

கௌசிக் கங்குலியின் ‘ஆரேக்டி ப்ரேமேர் கொல்ப்போ’ (2010) படத்தில் சபல் தானாகவே தோன்றினார். அவரைப் பற்றிப் படமெடுக்கும் இயக்குநராகவும் இளம் சபலாகவும் ரிதுபர்ணோ கோஷ் நடித்தார். 2012இல் ரிதுபர்ணோ தாமே இயக்கி நடித்த ‘சித்ராங்கதா’வில், தாகூரின் அதே பெயர் கொண்ட நாட்டிய நாடகத்தை அமைக்கும் கலைஞர் ருத்ரா, பாலின மாற்றச் சிகிச்சையின் வாசலில் நிற்கிறார். ஆணைப்போல் வளர்ந்த மணிப்பூர் இளவரசி சித்ராங்கதாவின் கதையும் ருத்ராவின் கதையும் ஒன்றையொன்று ஊடறுக்கின்றன. பார்த்தவர்கள் அதை ரிதுபர்ணோவின் சொந்த வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. தேசிய விருதுக் குழு அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. 2013 மே 30 அன்று, ஐம்பதை எட்டுமுன், தெற்குக் கல்கத்தாவில் தம் வீட்டில் அவர் இறந்தார்.

தமிழகத்திலும் ஸ்திரீபார்ட் மரபு வலுவானது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் குழுவில் தேறிய டி.கே.சண்முகம் ஔவையாராக நடித்து அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டார். ‘எனது நாடக வாழ்க்கை’ என்று தன்வரலாறும் எழுதினார். ஆனால் அந்த மரபு அறுந்த இடத்திலிருந்து தமிழின் தனிநடிப்பு பிறக்கவில்லை. அது எழுத்திலிருந்தும் களப்பணியிலிருந்தும் வந்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த திருநங்கை ஆ.ரேவதி, 2004இல் ‘உணர்வும் உருவமும்’ தொகுப்பில் பிற திருநங்கையரின் குரல்களைப் பதிவுசெய்தார். பிறகே தம் கதையை எழுதினார். வ.கீதாவின் மொழிபெயர்ப்பில் அது 2010இல் ஆங்கிலத்திலும், பின்னர் ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழிலும் வெளிவந்தது. அதையே அ.மங்கையின் இயக்கத்தில் ரேவதி தனியாளாக மேடையில் நடித்தார். பிறந்த வீட்டின் அடி உதையும், அறுவையின் வலியும், பிழைப்புக்காகப் பட்ட பாடும் அங்கே அவற்றை அனுபவித்தவரின் உடலிலேயே நிகழ்ந்தன. சபலுக்கு வேடம் முதலில் வந்தது, சொந்தக் கதை கடைசியில். ரேவதிக்குக் கதைதான் முதலில். மேடை அதற்குப் பின்னர் கிடைத்தது.