எலெக்ட்ரானின் பயண நேரமும் பெங்களூரின் வால்வுகளும்

கேத்தோடு, கிரிட், பிளேட் என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட டிரையோடு வால்வு, வானொலியின் மத்திய அலையில் செவ்வனே பெருக்கித் தரும். அதிர்வெண் 100 மெகாஹெர்ட்ஸை எட்டும்போது அதன் ஆற்றல் குன்றும். பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்தேக்குதிறன் வழியே வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளே திரும்பி, பெருக்கியை ஆஸிலேட்டராக்கிவிடும்; இரண்டுக்கும் இடையே பின்னர் சேர்க்கப்பட்ட திரைக் கிரிட் இதைப் பெரிதும் அடக்கியது. கேத்தோடுக் கம்பி அடுத்த இடர். 10 நானோஹென்றி மின்தூண்டல் எண் கொண்ட கம்பியின் மின்மறுப்பு 1 மெகாஹெர்ட்ஸில் 0.06 ஓம், 100 மெகாஹெர்ட்ஸிலோ 6 ஓமுக்கும் மேல்.

இவற்றினும் ஆழமானது எலெக்ட்ரானின் பயண நேரம். எழுத்தொலியின் அளவைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் வரையறுத்தவர் தொல்காப்பியர். காலத்தின் நுண்ணளவை இலக்கணத்தின் தொடக்கத்திலேயே வைத்த மரபு தமிழுடையது. வால்வுக்குள் நிகழ்வதோ அந்த இமைப்பொழுதில் கோடியில் ஒரு கூறுக்கும் குறைவு. கேத்தோடுக்கும் கிரிட்டுக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர், கிரிட் தளத்தில் பயன்படும் மின்னழுத்தம் 1 வோல்ட் எனக் கொண்டால், எலெக்ட்ரான் அதைக் கடக்க ஏறத்தாழ அரை நானோநொடி ஆகும். 1 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றில் இது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, பொருட்படுத்த வேண்டியதில்லை. 500 மெகாஹெர்ட்ஸில் அதே நேரம் கால் சுற்றாகிறது. எலெக்ட்ரான் வழியில் இருக்கும்போதே கிரிட்டின் மின்னழுத்தம் மாறிவிடுகிறது. எதிர்மின்னழுத்தத்தில் நிற்கும் கிரிட் ஓர் எலெக்ட்ரானையும் ஏற்காவிட்டாலும், அதைக் கடந்து செல்பவை அதில் மின்னோட்டத்தைத் தூண்டி, வரும் சைகையின் ஆற்றலை உண்கின்றன. அதிர்வெண் இரட்டித்தால் இந்த உள்ளீட்டுக் கடத்தம் நான்கு மடங்காகும். கேத்தோடுக் கம்பியால் வரும் இழப்பும் இதே விதிப்படியே வளரும்.

உறுப்புகளைச் சிறிதாக்கி நெருக்கி வைப்பதே முதல் மருந்து. 1930களில் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏகார்ன் வால்வைச் செய்தது. பின்னர் நீள்கம்பிகளுக்குப் பதிலாக உலோகத் தட்டுகளைக் கண்ணாடியோடு இணைத்த வால்வுகள் வந்தன. கிரிட்டைத் தரையிணைத்து, கேத்தோடில் சைகையைச் செலுத்தும் முறையும் உதவியது. ஆயினும் சிறிய வால்வு பெரிய வெப்பத்தைத் தாங்காது.

மாற்று வழியை 1937-இல் வேரியன் சகோதரர்களின் கிளைஸ்ட்ரான் காட்டியது. பயண நேரத்தைக் குறைக்க முயலாமல், வழியில் விரைவும் மெதுவுமாகச் செல்லும் எலெக்ட்ரான்கள் கொத்துக்கொத்தாகத் திரள அது இடம் தந்தது. இத்துறையில் இதைவிட அழகிய சிந்தனை அரிது.

இவ்விரு கட்டங்களையும் கண்ட பெருமை பெங்களூருக்கு உண்டு. 1954-இல் ஜாலஹள்ளியில் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. இந்திய அறிவியல் கழகத்தில் மைக்ரோவேவ் ஆய்வை வளர்த்தவர்கள் சிசிர் குமார் சாட்டர்ஜியும் ராஜேஸ்வரி சாட்டர்ஜியும். 1984-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் மைக்ரோவேவ் குழல்களுக்கெனத் தனி மையத்தை இந்நகரில் அமைத்தது. அங்கு உருவாக்கப்பட்ட பயண அலைக் குழல்களில், சுருள் கம்பியில் செல்லும் அலையின் முன்னோக்கிய வேகம் எலெக்ட்ரான் கற்றையின் வேகத்துக்குச் சற்றே குறைவாக அமைக்கப்படும். இரண்டும் சேர்ந்து செல்லும் தொலைவு முழுவதும் கற்றை தன் ஆற்றலை அலைக்கு வழங்கிக்கொண்டே போகும்.