தெரு யாருடையது? – கல்பாத்தி தரும் பாடம்

2021 ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை நமது அங்கத்தினர்கள் பலர் இன்றும் மகிழ்ச்சியுடன் எடுத்துச் சொல்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்கிறார்கள். அவ்வூர் ஹிந்துக் கோயில்களின் ஸ்வாமி ஊர்வலம் சில தெருக்கள் வழியே வரக்கூடாது என்று ஆட்சேபணை எழுந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓரிடத்தில் ஒரு மதத்தார் அதிகம் என்பதால் பொதுத் தெரு அவர்களுடையதாகி விடாது. அந்த வாதத்தை ஏற்றால், நாட்டின் பெரும்பாலான ஊர்களில் சிறுபான்மையினர் எந்த விழாவும் நடத்த முடியாது என்பது நீதிபதிகளின் கருத்து.

நியாயமான தீர்ப்பு. இக்கொள்கை புதிதும் அல்ல. 1882 சேலம் கலவரத்துக்குப் பின், 1883 இல் இதே உயர் நீதிமன்றம், ராஜபாட்டை எல்லா மதத்தினருக்கும் பொது என்று கூறியிருக்கிறது. பிறருடைய போக்குவரத்துக்கு இடையூறு கூடாது, மாஜிஸ்டிரேட்டின் முறையான உத்தரவுகளை மதிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே நியாயம் நம்மிடம் கேட்கப்பட்டது. கேட்ட இடம் நமது கல்பாத்தி. அப்போது நம்மவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது.

மூன்று ஆட்சி, ஒரே பாதை

பொள்ளாச்சியிலிருந்து எங்கள் கோபாலபுரம் எல்லையைத் தாண்டி, கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு செல்பவர்கள் இன்று ஒரே ஒரு எல்லையைக் கடக்கிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் இரண்டு எல்லைகள். கிழக்கே கோயமுத்தூர் ஜில்லா, சென்னை ராஜதானி. நடுவே சித்தூர் தாலுகா, கொச்சி சமஸ்தானம். மேற்கே பாலக்காடு தாலுகா, மலபார் ஜில்லா. அது மறுபடியும் சென்னை ராஜதானி. ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு முறை ஆட்சி மாறும். யார் எந்த வழியில் நடக்கலாம் என்ற கட்டுப்பாடு மட்டும் எந்த ஆட்சியிலும் இருந்தது.

சென்னை ராஜதானியில் இதை மாற்ற முதலில் சட்டசபை முன்வந்தது. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் அங்கு நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை மற்றவரைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதன்படி 1924 செப்டம்பர் 25 இல் அரசாணையும் பிறந்தது.

1924 நவம்பர்

கல்பாத்தியின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கத்தை 1425 இல் லக்ஷ்மி அம்மாள் பிரதிஷ்டை செய்வித்தார் என்பது ஐதீகம். ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் ரதோத்ஸவத்துக்கு, பம்பாயிலும் டில்லியிலும் குடியேறிய நம்மவர்கள்கூட வந்து சேருவார்கள்.

அரசாணை வந்த அதே ஆண்டு, ரதோத்ஸவ நாட்களில் ஈழவர் சிலர் கல்பாத்தித் தெருவில் நுழைந்தனர். கோயிலுக்குள் போக அவர்கள் கேட்கவில்லை, தெருவில் நடக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அவர்கள் அடித்து விரட்டப்பட்டனர். அமைதி கெடும் என்று காரணம் காட்டி நிர்வாகம் தடை விதித்ததும், அடிபட்டவர்களையே கட்டுப்படுத்தியது. தெருவை நகராட்சி பராமரிக்கிறது, எனவே அது பொது வழி என்றது ஒரு தரப்பு. அக்ரஹாரம் கோயிலைச் சார்ந்தது, எங்கள் ஆசாரத்துக்கு உட்பட்டது என்றது நம் தரப்பு.

பிறகு நடந்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. ஈழவர் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர். வேறு சிலர் கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாமுக்கும் போனார்கள். மதம் மாறினால் வழி திறக்கும் என்று அவர்கள் கண்டதற்குக் காரணம் இருந்தது. வைக்கம் மஹாதேவர் கோயிலைச் சுற்றிய சாலைகளில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் தாராளமாக நடந்தார்கள். அந்தச் சிவனையே கும்பிடும் ஈழவருக்கும் புலையருக்கும்தான் தடை. சிவபக்தனாக இருக்கும்வரை தீட்டு, சிவனை விட்டுவிட்டால் தீட்டு இல்லை! ஹிந்து மதத்தைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்ட விதி, ஹிந்துவை வெளியே தள்ளுவதற்கே பயன்பட்டது. மதமாற்றத்தைப் பற்றி இன்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வைக்கத்தில் 1924 மார்ச் 30 இல் தொடங்கிய சத்தியாக்கிரகம் 1925 நவம்பர் வரை நடந்தது. சாலைகளைத் திறக்க வேண்டும் என்ற தீர்மானம் 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் 21க்கு 22 என்று ஒரே ஓட்டில் தோற்றது. கடைசியில் ஏற்பட்ட சமரசம் விசித்திரமானது. மூன்று பக்கச் சாலைகள் திறந்தன. கிழக்கு வழி மட்டும் மேல்ஜாதியாருக்கு ஒதுக்கப்பட்டு, அதுவரை அங்கு நடந்துவந்த கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும்கூட மூடப்பட்டது. பாரபட்சம் என்ற குற்றச்சாட்டுக்கு, அனைவரையும் தடுப்பதே பதிலாயிற்று.

கடலுக்கு அப்பால் கேட்டதும் இங்கே மறுத்ததும்

அதே ஆண்டுகளில் நமது ரைட் ஆனரபிள் வி.எஸ்.ஸ்ரீநிவாச சாஸ்திரியார் வேறொரு போரில் இருந்தார். கென்யாவின் மேட்டுநிலங்கள் வெள்ளையருக்கே என்று ஒதுக்கப்பட்டதை எதிர்த்து, 1923 இல் லண்டன் சென்று வாதாடினார். பிரிட்டிஷ் அரசு அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கை அந்த ஒதுக்கீட்டை அப்படியே வைத்தது. நாடு முழுவதும் கொதித்தது. அதற்கு முன் 1893 இல், பிரிட்டோரியா நகர நடைபாதையில் நடந்த குற்றத்துக்காகக் காந்திஜி உதைத்துத் தள்ளப்பட்டார். அதைப் படித்து மனம் பதறாத இந்தியர் இல்லை. நடைபாதை வெள்ளையருக்கே என்று பிரிட்டோரியாவில் சொன்னால் அநீதி. தெரு எங்களுக்கே என்று கல்பாத்தியில் சொன்னால் ஆசாரமா? இக்கேள்விக்கு அன்று நேரான பதில் வரவில்லை.

நம்மவர்களிலும் பதில் சொன்னவர்கள்

எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று சொல்வது தவறாகும். பாலக்காட்டு வக்கீல் டி.ஆர்.கிருஷ்ணஸ்வாமி அய்யர் தொழிலை விட்டுவிட்டு, 1923 இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் தொடங்கினார். ஹரிஜனக் குழந்தைகளும் பிற குழந்தைகளும் அங்கே ஒன்றாக உண்டு படித்தனர். தம் சமூகத்தின் பகிஷ்காரத்தை ஏற்றுக்கொண்டு அவர் செய்த காரியம் இது. காந்திஜி அந்த ஆசிரமத்துக்கு 1925, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் வந்தார். 1936 நவம்பர் 12 இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபோது, திவானாக இருந்தவர் சி.பி.ராமஸ்வாமி அய்யர். 1939 ஜூலை 8 இல் மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் ஹரிஜனங்களை அழைத்துச் சென்றவர் ஏ.வைத்தியநாத அய்யர். கொச்சி சமஸ்தானம்தான் தாமதித்தது. 1946 இல்கூட இரிஞ்ஞாலக்குடையில் கூடல்மாணிக்கம் கோயில் அருகே வழிநடக்கும் உரிமைக்காகக் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 15, 17 ஆம் ஷரத்துக்களும் 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமும் விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

இன்றைய நிலை

ஆசாரத்தைக் கைவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. ஸ்நானம், சந்தியாவந்தனம், வீட்டுச் சமையலறையின் மடி ஆகியவை நமக்கு நாமே விதித்துக்கொண்டவை. அவற்றில் யாரும் தலையிட வேண்டியதில்லை. ஆனால் என் விரதத்தை அடுத்தவன் அனுஷ்டிக்கவேண்டும் என்று போலீஸைக் கூப்பிடும்போது, அது விரதம் என்ற நிலையை விட்டு அதிகாரம் ஆகிவிடுகிறது. இதைச் செய்வது எந்த மதமானாலும் விளைவு ஒன்றுதான். ஈரானில் முஸ்லிம் அல்லாத பெண்ணும் தலையை மூடவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நாம் அதைக் கண்டிக்கிறோம். கண்டிக்கலாம், நம் தெருவையும் அதே கண்ணால் பார்த்தால்!

2000 ஆம் ஆண்டு சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பாயிற்று. தேவாலயத்துக்கும் மசூதிக்கும் இதைச் சுட்டிக்காட்டும் நாம், மார்கழி விடியற்காலையில் நம் கோயில் கூம்பு ஒலிபெருக்கிக்கும் இதுவே விதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விஞ்ஞானப் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது, அளக்கும் பொருளுக்குத் தக்கபடி அளவுகோலை மாற்றக்கூடாது என்பதே. அரசுப் பணியில் இருந்தபோது மனுக்களைப் பார்க்கையில், மனுதாரர் பெயரை மாற்றி இன்னொரு மதத்துப் பெயரைப் போட்டாலும் என் உத்தரவு இதுதானா என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். வி.களத்தூர் தீர்ப்பைக் கையில் எடுக்கும் அன்பர்கள், அதில் வி.களத்தூர் என்பதை அடித்துவிட்டுக் கல்பாத்தி என்று எழுதிப் படித்துப் பார்க்கட்டும். அப்போதும் அது நியாயமாகத் தோன்றினால், அதைப் பிறரிடம் எடுத்துச் சொல்லும் தகுதி நமக்கு உண்டு.

இப்போது கல்பாத்தி ரதங்களின் வடத்தை எல்லா வகுப்பினரும் பிடித்து இழுக்கிறார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்கிறது. விஸ்வநாதருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.