படிமமும் படமும்

இரத்தோட்டையில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் புதுக்கவிதை கற்பிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே சொல்லில் வந்து தடுக்கி நிற்பது எனது வழக்கம். ‘படிமம்’ என்பதே அச்சொல். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், படிமம்னா படம்தானே? அப்ப அதை வரையாம ஏன் எழுதுறாங்க?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழந்தமிழில் படிமம் என்பது விக்கிரகத்தைக் குறித்த சொல். கல்லிலும் செம்பிலும் இருந்த ஒன்று கவிதைக்குள் புகுந்தது எங்ஙனம்? புகுந்தபின் கவிஞருக்கும் ஓவியருக்கும் இடையே உறவு இருந்ததா? குறிப்பாக நமது நாட்டில் என்ன நடந்தது? இவற்றையே இன்று நோக்க விரும்புகிறேன்.

கவிதையும் ஓவியமும் நமக்குப் புதிய உறவினர் அல்லர். பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்துச் சித்திரங்களைக் காட்டுகிறார். காமனும் இரதியும், பூனை உருவெடுத்த இந்திரனும், அகலிகையும், சினந்த கௌதமனும் அங்கே தீட்டப்பட்டிருக்கிறார்கள். பார்க்க வந்தோர் இவர் யார், அவர் யார் என்று வினவ, அறிந்தோர் விளக்குகின்றனர். பிற்காலச் சித்திரகவிகளோ எழுத்தையே படமாக்கின. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இரதபந்தத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் அதிக விளக்கம் தேவைப்படாது. 1918 இல் வெளிவந்த தொகுதியில் பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேர் மழை பற்றிய கவிதையின் எழுத்துக்களை மழைத்தாரை போலச் சரிய விட்டிருந்தார். நம் பண்டிதர்கள் அதைக் கண்டு பெரிதாக வியந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நவீனத்துவத்தின் உறவு இதனினும் ஆழமானது. அப்பொலினேர் பிக்காசோவின் நண்பர். கனசதுர ஓவியர்களுக்காக 1913 இல் நூலே எழுதியவர். ஒரு பொருளை ஓரிடத்தில் நின்று முழுமையாகச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் கவிஞருக்கும் ஓவியருக்கும் ஒருங்கே தளர்ந்தது. ஓவியர் ஒரு முகத்தின் முன்புறத்தையும் பக்கவாட்டையும் ஒரே சட்டத்துள் வைத்தார். கவிஞர் இரு காட்சிகளை இடையில் ‘போல’ என்ற உவம உருபு இன்றி அருகருகே நிறுத்தினார். படிமம் பிறந்த இடம் அதுதான்.

இந்தப் புதிய பார்வை நமது மலைகளுக்கும் வந்து சேர்ந்தது. 1901 இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற்றை இன்று உலகம் ஓவியராக மட்டுமே அறியும். அவர் கவிஞருமாவார். 1936, 1937 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மூன்று ஆங்கிலக் கவிதைத் தொகுதிகளை வெளியிட்டார். பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தர் வரலாற்றைத் தீட்டியவரும் அவரே. ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. கீதகோவிந்தத்துக்குப் பின் அவருடைய தூரிகையில் ராதையும் கண்ணனும் எத்தனை முறை வந்தார்கள் என்பதைப் பார்த்தால், மொழிபெயர்ப்பு அவருக்கு ஓவியப் பயிற்சியாகவும் அமைந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கீற்றைத் தாங்கி நின்றவர் லயனல் வென்ட். பியானோக் கலைஞர், புகைப்படக் கலைஞர், விமர்சகர். இவர்களது வட்டத்துக்கு 1929 இல் ஒரு விருந்தாளி வந்தார். அவர் சிலி நாட்டின் தூதரக அதிகாரியாக வெள்ளவத்தையில் குடியிருந்த இளங்கவிஞர் பாப்லோ நெருடா. கீற்றின் ஓவியங்களைப் பாராட்டி எழுதிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். உலகக் கவிதையும் இலங்கை ஓவியமும் கைகுலுக்கிய தருணம் என்று இதனைப் பெருமையோடு சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெருமைக்குள் ஒரு முள் இருக்கிறது. நெருடா இறந்தபின் 1974 இல் வெளிவந்த நினைவு நூலில், வெள்ளவத்தை வீட்டில் மலம் அள்ள வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தாம் பலவந்தப்படுத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அவளைத் தென்னிந்தியச் சிற்பம் ஒன்றுக்கு ஒப்பிடுகிறார். அவள் கடைசிவரை கண்ணை மூடவில்லை என்றும், தன்னை அவள் வெறுத்தது நியாயமே என்றும் ஒப்புக்கொள்கிறார். அவள் பெயர் அந்நூலில் இல்லை. அசோக ஹந்தகம 2021 இல் இச்சம்பவத்தை மையமாக வைத்துத் திரைப்படம் எடுத்தார். படிமம் என்றால் விக்கிரகம் என்று சற்றுமுன் சொன்னேன். உயிருள்ள ஒருத்தி ஒரு பெருங்கவிஞனின் கண்ணில் விக்கிரகமானது என்ன என்பதைத் தமிழாசிரியனாகிய நான் விட்டுவிட்டுப் போக முடியாது. கொழும்பு நவீனத்துவம் ஆங்கிலத்தில் பேசியது. அதன் வரவேற்பறையில் தமிழ் கேட்கவில்லை. தமிழ் இருந்தது பின்வாசலில்.

இனி 1943 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் வென்டின் இல்லத்தில் ‘43 குழு’ உருவாயிற்று. கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுசிறி முதலியோர் அதில் சேர்ந்தனர். அதே 1943 இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர் சிலர் மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். ஈழத்தின் முதற் புதுக்கவிதை எனப் பலரும் குறிப்பிடும் வரதரின் ‘ஓரிரவிலே’ ஈழகேசரியில் வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரே தீவு, ஒரே ஆண்டு, இரண்டு புதுமைகள். ஒன்று மற்றொன்றைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தூரமே காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சித்திரக் கல்வி அதிகாரியாக 1920 இல் இலங்கைக்கு வந்து, நவீன ஓவியத்துக்கு வித்திட்டவர் வின்சர். அவர் பெயரில் யாழ்ப்பாணத்தில் 1938 இலேயே எஸ். ஆர். கனகசபை ஓர் ஓவியக் கழகம் அமைத்துவிட்டார். ஆகவே புதிய ஓவியம் வடக்குக்குப் போயிருந்தது. புதுக்கவிஞர் அதனருகே போய் அமரவில்லை. நமது கவிதை அப்போதும் செவிக்கு உரியதாகவே இருந்தது. மேடையும் ஓசையும் அதற்குப் போதுமாயிருந்தன என்பது எனது எண்ணம்.

தமிழில் அந்தச் சந்திப்பு நிகழச் சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. 1959 இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில், திருகோணமலையில் பிறந்து இருபதைத் தாண்டியிராத ஓர் இளைஞர் எழுதத் தொடங்கினார். தருமு சிவராமு என்ற அந்தப் பிரமிள், படிமக் கவிஞர் என்று பெயரெடுத்தார். ஓவியம் தீட்டவும் களிமண்ணில் உருவங்கள் செய்யவும் தெரிந்த கைகள் அவருடையவை. அவர் கவிதைகளில் பொருட்கள் எடையோடும் விளிம்போடும் வந்து நிற்பதற்கு அந்தக் கைப்பழக்கம் ஒரு காரணம் என்பேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் இந்தியா சென்றார். 1972 இல் ‘கண்ணாடியுள்ளிருந்து’ வெளிவந்தது. 1997 இல் அங்கேயே மறைந்தார். இரு கலைகளையும் ஓருடலில் கொண்டிருந்த ஈழத்தவரை நாம் தமிழகத்துக் கவிஞராகவே வாசித்தோம்.

அங்கே சூழல் வேறு. ‘நடை’, ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களில் ஆதிமூலத்தின் கோடுகள் புதுக்கவிதைகளோடு ஒரே தாளில் அச்சாகின. 1966 இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், வாசிக்க முடியாத எழுத்துக்களை நிரப்பியே ஓவியங்கள் தீட்டினார். சித்திரகவியைத் தலைகீழாக்கிய வேலை அது.

மலையகத்தில்? இதனைச் சொல்லாமல் இரத்தோட்டையிலிருந்து பேசுவதில் பொருளில்லை. தோட்ட மக்களின் வாழ்வை நவீன கவிதைக்குள் கொண்டுவந்த சி. வி. வேலுப்பிள்ளை அதனை ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆங்கில வரவேற்பறைக்குள் தேயிலைத் தோட்டத்தை அவரே எடுத்துச் சென்றார் எனலாம். அக்கவிதையைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கியவர் சக்தீ பால ஐயா. அவர் கவிஞர் மட்டுமல்லர், ஓவியருமாவார். பிரமிளைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. மலையகத் தமிழ்க் கவிதையின் முதன்மையான நூலொன்று ஓவியர் ஒருவரின் கையால் தமிழுக்கு வந்தது என்பதை எங்கள் மாணவர் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. நானே நாற்பது வயதுக்குப் பின்னர்தான் அதைக் கவனித்தேன்.

அந்த மாணவியின் கேள்விக்கு அடுத்த வாரம் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோனேன். கீற்றின் பெண் உருவங்கள் சில அதில் வண்ணத்தில் இருந்தன. புத்தகம் வாங்கு வாங்காகச் சென்றது. அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவங்க கண்ணு ஏன் சேர் இவ்வளவு பெருசா திறந்திருக்கு?” என்றாள். சிகிரியாவையும் கண்டி விகாரைச் சுவர்களையும் பிக்காசோவையும் பற்றிச் சொன்னேன். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துபோன அந்தப் பெண்ணைப் பற்றி அன்று சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.