மன்னார் வளைகுடா பவளப்பாறைகள் - ஓர் உணவுச் சங்கிலியின் வரலாறு

திருவண்ணாமலையிலிருந்து கடல் வெகு தொலைவு தள்ளி இருக்கிறது. ஆனாலும் கோயிலில் ஊதப்படும் சங்கு கடலில் பிறந்ததுதான். மணல் தரையில் புழுக்களைத் தின்று வாழும் ஒரு நத்தையின் ஓடே சங்கு. தமிழகத்தில் கொற்கைக் காலம் தொட்டே முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற கடல் மன்னார் வளைகுடா. அந்தக் கடலின் செழிப்புக்கு முக்கியக் காரணம் அங்குள்ள பவளப்பாறைகள்.

பவளப்பாறை என்பது பாறை அல்ல. பாலிப் எனப்படும் சிறு உயிரினங்கள் சுண்ணாம்பைச் சுரந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீடு அது. உலகக் கடல் தரையில் ஒரு சதவீதம் கூட இல்லாத இப்பாறைகளை நம்பிக் கடல் உயிரின வகைகளில் கால் பங்கு வாழ்கின்றன.

உணவுச் சங்கிலி

சங்கிலியின் முதல் கண்ணி சூரிய ஒளி. பாலிப்பின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, தயாரித்த உணவில் பெரும்பகுதியைப் பாலிப்புக்கே கொடுக்கின்றன. பதிலுக்குப் பாலிப் இடமும் சத்தும் தருகிறது. பாறை மேல் படரும் பாசியைக் கிளிமீன்கள் மேய்கின்றன. சிறு மீன்களைக் களவா தின்கிறது, களவாவைச் சுறா தின்கிறது. மணலில் படியும் கழிவைக் கடல் அட்டை தின்று சுத்தம் செய்கிறது. பக்கத்துக் கடற்புல் வெளியில் கடல்பசு மேய்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் 10 சதவீத ஆற்றல்தான் போய்ச் சேரும். ஆகவே அடிப்படி சரிந்தால் மேலே எதுவும் நிற்காது.

சுண்ணாம்புக்காக வெட்டிய பாறை

மன்னார் வளைகுடாவில் முதலில் கை வைக்கப்பட்டது அந்த அடிப்படியில்தான். தூத்துக்குடி, மண்டபம் பகுதிகளில் பல பத்தாண்டுகளாகப் பவளக்கற்களைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளங்களில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். அவை சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் வீடு கட்டவும் போயின. பாறை அலையைத் தடுக்கும் அரணும் ஆகும். அரண் போனதும் தீவுகள் கரைந்தன. இங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன.

சங்கிலியின் மற்ற கண்ணிகளும் தப்பவில்லை. கடல்பசு இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது. கடல் அட்டை காயவைக்கப்பட்டுக் கீழை நாடுகளுக்கு ஏற்றுமதியானது.

சட்டமும் மக்களும்

1986ல் இத்தீவுகள் கடல்வாழ் தேசியப் பூங்காவாகவும், 1989ல் சுற்றியுள்ள 10,500 சதுர கி.மீ. உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. 2001ல் பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. இதற்கும் ஒரு விலை உண்டு. அட்டை குளித்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள். தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து வந்த ராமநாதபுரம் மாவட்டப் பெண்களுக்கு அந்தத் தீவுகளே விலக்கப்பட்ட இடமாயின. மாற்றுத் தொழிலாக வந்த வெளிநாட்டுப் பாசி வளர்ப்பும் சிக்கலானது. அந்தப் பாசி குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடியது 2008ல் வெளியானது.

கடப்பாரை நின்றபின் வந்த எதிரி வெப்பம். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாலிப் தன்னுள் இருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். நிறத்தோடு உணவும் போய்விடும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் இப்படி வெளுத்தன. பல மீண்டன, பல மீளவில்லை. வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. 2022ல் பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்கென்றே ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது.

கல்லை வெட்டியவரும் அட்டை குளித்தவரும் வயிற்றுக்காகவே செய்தார்கள். பவளப்பாறையின் உணவுச் சங்கிலியில் மனிதனும் ஒரு கண்ணிதான். அந்தக் கண்ணியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் காப்பாற்ற முடியாது என்பதே மன்னார் வளைகுடாவின் வரலாறு சொல்லும் பாடம்.